1957 சென்னை இன்ஃபுளுவென்சா பரவல்

1957 சென்னை இன்ஃபுளுவென்சா பரவல் என்பது 1957 ஆம் ஆண்டு மே மாதம் சிங்கப்பூரில் இருந்து சென்னைத் துறைமுகத்துக்கு வந்த ராஜுலா என்னும் பயணிகள் கப்பல் வழியாக நகரினுள் நுழைந்து, பன்னிரண்டு வாரங்களுக்குள் இந்தியா முழுவதும் பரவிய தொற்றுநோய் நிகழ்வு ஆகும். அவ்வாண்டு உலகெங்கும் பரவிய "ஆசியச் சளிக்காய்ச்சல்" இந்தியாவிற்குள் நுழைந்த வாயில் சென்னையே. கப்பலில் நோயுற்று வந்தோரைத் தனிமைப்படுத்துதல், நோயாளர் எண்ணிக்கையை வாரந்தோறும் திரட்டுதல், குன்னூர் ஆய்வகத்தில் நச்சுயிரியை இனங்காணுதல் ஆகியன இப்பரவலின் தொடக்கக் காலத்தில் மேற்கொள்ளப்பட்ட முதன்மையான பொதுநல நடவடிக்கைகள். இவற்றுள் முதலாவது நோயைத் தடுக்கவில்லை. அதற்கான காரணம் அலுவலர்களின் கவனக்குறைவு அன்று. துறைமுகத்தின் சட்டங்களும் ஏற்பாடுகளும் வேறு வகையான நோய்களை மனத்திற்கொண்டு அமைக்கப்பட்டிருந்தமையே ஆகும்.

பெயர்

இன்ஃபுளுவென்சா என்னும் சொல் இத்தாலிய மொழியில் "தாக்கம்" எனப் பொருள்படும். விண்மீன்களின் தாக்கத்தால் இந்நோய் வருவதாக முற்காலத்தில் நம்பப்பட்டது. தமிழில் ஃபுளூ காய்ச்சல், சளிக்காய்ச்சல், விஷக்காய்ச்சல் எனப் பலவாறு வழங்குகிறது. இவற்றுள் விஷக்காய்ச்சல் என்பது வேறு பல கடுங்காய்ச்சல்களையும் குறிக்கும் பொதுச்சொல்லாதலால், பழைய குறிப்புகளில் அச்சொல் வருமிடமெல்லாம் இந்நோயையே குறிக்கிறது எனக் கொள்ளுதல் கூடாது. சாதாரணத் தடுமனையும் மக்கள் ஃபுளூ என்பதுண்டு. இரண்டும் வேறு வேறு நச்சுயிரிகளால் உண்டாவன.

பின்னணி

1918 ஆம் ஆண்டின் பெருங்கொள்ளை

இந்தியா இந்நோயின் கொடுமையை முன்னரே அறிந்திருந்தது. முதல் உலகப்போரின் இறுதி ஆண்டாகிய 1918 இல், சூன் மாதத்தில், பம்பாய் நகரில் முதலில் தோன்றிய இன்ஃபுளுவென்சா அங்கும் துறைமுகத்தைச் சார்ந்தே வெளிப்பட்டது. துறைமுகப் பகுதியில் காவல் புரிந்த காவலர்களும் கப்பல் நிறுவன ஊழியர்களும் முதலில் நோயுற்றோருள் அடங்குவர். பம்பாய் மாநகராட்சியின் சுகாதார அலுவலராக இருந்த டர்னர், நோய் கப்பல் வழி வந்தது என்ற கருத்தை வலியுறுத்தினார். செப்டெம்பர், அக்டோபர் மாதங்களில் எழுந்த இரண்டாம் அலை தொடர்வண்டித் தடங்கள் வழியாக உட்பகுதிகளுக்குச் சென்றது. அவ்வாண்டு பருவமழையும் பொய்த்திருந்தது. இந்தியாவில் இறந்தோர் தொகை ஒரு கோடியே இருபது இலட்சத்துக்கும் ஒரு கோடியே எண்பது இலட்சத்துக்கும் இடைப்பட்டது எனப் பிற்கால ஆய்வாளர்கள் மதிப்பிடுகின்றனர். 1911 முதல் 1921 வரையிலான பத்தாண்டில் இந்தியாவின் மக்கள்தொகை ஏறத்தாழ வளராமல் நின்றதற்கு இதுவே தலையாய காரணம். பம்பாய் மாகாணமும் மத்திய மாகாணமும் மிகுதியாகப் பாதிக்கப்பட்டன. சென்னை மாகாணத்தில் இறப்பு வீதம் அவற்றினும் குறைவு.

1918 இல் நோய்க்குக் காரணம் எது என்பதையே மருத்துவர்கள் அறிந்திருக்கவில்லை. மனித இன்ஃபுளுவென்சா நச்சுயிரி 1933 இல்தான் இலண்டனில் பிரித்தெடுக்கப்பட்டது. 1957 இன் நிகழ்வை 1918 இல் இருந்து வேறுபடுத்துவது முதலில் இந்த அறிவே.

புதிய நச்சுயிரி

1957 தொடக்கத்தில் தென்மேற்குச் சீனாவின் குய்சோ மாகாணத்தில் புதிய வகை இன்ஃபுளுவென்சா தோன்றியது. மக்கள் சீனம் அக்காலத்தில் உலக சுகாதார அமைப்பின் நடவடிக்கைகளில் பங்கேற்கவில்லை. ஆகவே அச்செய்தி உரிய காலத்தில் வெளியுலகை எட்டவில்லை. ஏப்ரலில் நோய் ஆங்காங் நகரை அடைந்து அங்கு இலட்சக்கணக்கானோரைப் பாதித்த பின்னரே செய்தித்தாள்கள் வழியாக உலகம் அறிந்தது. அமெரிக்கப் படைத்துறை ஆய்வாளராகிய மாரிசு இல்லெமன் ஆங்காங் பற்றிய நாளிதழ்ச் செய்தியைக் கண்டே நோய் மாதிரிகளை வரவழைத்தார் என்பது நன்கறியப்பட்டது. மே மாதத் தொடக்கத்தில் சிங்கப்பூரில் இருந்து உலக சுகாதார அமைப்புக்குத் தகவல் சென்றது. மாதிரிகள் பல நாட்டு ஆய்வகங்களில் சோதிக்கப்பட்டு, அது வரை மனிதரிடையே உலவிய வகைகளினின்றும் இது முற்றிலும் வேறானது என்பது மே மாதத்தில் தெளிவாயிற்று. பின்னாளில் இது எச்2என்2 எனப் பெயர் பெற்றது.

ராஜுலா சென்னைக்குப் புறப்பட்டபோது இந்த ஆய்வுகள் நடந்துகொண்டிருந்தன. ஆகவே கப்பல் கரையை அணுகிய நாளில், அதில் வருவது மக்களிடம் எதிர்ப்பாற்றலே இல்லாத புதிய நச்சுயிரி என்பது சென்னையில் உள்ளோருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. "கப்பலில் காய்ச்சல்" என்பதே அவர்கள் கண்ட செய்தி.

ராஜுலா கப்பல்

எசு. எசு. ராஜுலா, பிரித்தானிய இந்திய நீராவிக் கப்பல் நிறுவனத்துக்காக 1926 இல் கிளாசுகோவில் கட்டப்பட்டது. தொடக்கத்தில் 5,000க்கும் மேற்பட்ட மேல்தளப் பயணிகளை ஏற்றிச் செல்ல உரிமம் பெற்றிருந்த இக்கப்பல், சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சுவெட்டன்காம் துறைமுகம் (இன்றைய கிள்ளான் துறைமுகம்), சிங்கப்பூர் ஆகியவற்றை இணைக்கும் தடத்தில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியது. இரண்டாம் உலகப்போரில் படையினரை ஏற்றிச் சென்றது. மலாயாத் தமிழர் வாழ்வில் ராஜுலாவுக்குத் தனி இடம் உண்டு. தோட்டத் தொழிலாளர், செட்டிநாட்டு வணிகர், நாகூர்ப் பகுதி முசுலிம் வணிகர், அரசு அலுவலர், அவர்தம் குடும்பத்தினர் எனப் பலதரப்பட்டோரும் இதில் வந்து போயினர். அறை எடுத்துச் செல்ல வசதியற்ற பெரும்பாலோர் "டெக்" பயணிகள். இவர்கள் பாயும் பெட்டியுமாகத் தளத்திலும் அதன் கீழுள்ள பரந்த கூடங்களிலும் அருகருகே படுத்து ஏறத்தாழ ஒரு வாரத்தைக் கழிப்பர்.

மூச்சுக்காற்றில் பரவும் நோய்க்கு இதைவிட வாய்ப்பான இடம் அரிது. 1957 மே மாதப் பயணத்தில் ஆயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட பயணிகளும் சுமார் இருநூறு பணியாளரும் கப்பலில் இருந்தனர். சிங்கப்பூரை விட்டுச் சில நாட்களிலேயே காய்ச்சல் தோன்றியது. வழியிலேயே இருநூற்றைம்பது பேர் வரை, அதாவது ஏறத்தாழ ஏழு பேருக்கு ஒருவர், நோயுற்றனர். மே 16 அன்று கப்பல் சென்னையை அடைந்தபோது அவர்களுள் பலர் குணமடைந்திருந்தனர். சில பத்துப் பேர் நோயுடன் இருந்தனர்.

துறைமுகத்தில்

வெளிநாட்டில் இருந்து வரும் கப்பல் துறைமுகத்தினுள் நுழையுமுன் மஞ்சள் கொடி ஏற்றி, கரையுடன் கலந்து பழகுவதற்கான சுகாதார அனுமதியைக் கோருதல் மரபு. கப்பல் தலைவர், பயணத்தின்போது கப்பலில் கண்ட நோய்களையும் இறப்புகளையும் குறித்து எழுத்து வடிவில் அறிவிக்கை தர வேண்டும். துறைமுகச் சுகாதார அலுவலர் அதனைப் பார்த்து, தேவையானால் பயணிகளைச் சோதித்து அனுமதி வழங்குவார். கரை இறங்கப்போகும் தருணத்தில் இந்தச் சோதனைக்காகக் காத்திருந்த அனுபவம் மலாயாவில் இருந்து திரும்பிய எவருக்கும் புதிதன்று. பெரியம்மைக்கு அம்மை குத்தியதற்கான சான்றிதழ் கையில் இல்லாதோர் பெரும் தொல்லைக்குள்ளாவர்.

இந்த ஏற்பாட்டின் அடிப்படை 1951 ஆம் ஆண்டின் பன்னாட்டுச் சுகாதார விதிகள் ஆகும். இவை 1952 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன. இவ்விதிகளை ஒட்டி இந்திய அரசு 1955 இல் துறைமுகச் சுகாதார விதிகளை வகுத்தது. பன்னாட்டு விதிகள் ஆறு நோய்களை மட்டுமே ஒதுக்கக்காப்பு நோய்களாகக் கொண்டன. அவை: கொள்ளைநோய் எனப்படும் பிளேக், வாந்திபேதி, மஞ்சள் காய்ச்சல், பெரியம்மை, பேன்வழி வரும் டைபசுக் காய்ச்சல், மறுக்களிப்புக் காய்ச்சல். இன்ஃபுளுவென்சா இப்பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாத நோய்க்காக ஒரு கப்பலையும் அதன் பயணிகள் அனைவரையும் நாள்கணக்கில் நிறுத்தி வைக்கும் அதிகாரத்தை அவ்விதிகள் வழங்கவில்லை. வணிகத்துக்கும் போக்குவரத்துக்கும் மிகையான இடையூறு நேரக்கூடாது என்பது அவ்விதிகளின் நோக்கங்களுள் ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒவ்வொரு நாடும் தன் விருப்பப்படி கப்பல்களை வாரக்கணக்கில் கடலில் நிறுத்தியதன் எதிர்வினையாகவே அது அமைந்தது.

எனவே, கரை சேர்ந்தபோதும் நோயுடன் இருந்தோர் மருத்துவமனையில் தனிமைப்படுத்தப்பட்டனர். ஏனையோர் இறங்கித் தத்தம் ஊர்களுக்குச் சென்றனர்.

தனிமைப்படுத்துதல் பயன்படாமை

இந்நடவடிக்கை ஏன் பயன் தரவில்லை என்பதை அறிய நோயின் இயல்பை நோக்க வேண்டும். பெரியம்மையில் நச்சுயிரி உடலினுள் புகுந்த பின் நோய் வெளிப்பட ஏறத்தாழ இரு வாரங்கள் ஆகும்; நோய் வெளிப்பட்ட பின்னரே அது பிறருக்குத் தொற்றும்; வெளிப்பட்ட நோயை முகத்தைக் கண்டே அறியலாம். ஆகவே நோயாளியைப் பிரித்து வைத்து, அவருடன் பழகியோரைப் பதினான்கு நாட்கள் கண்காணித்து, அம்மை குத்தினால் பரவலை நிறுத்த முடியும். வாந்திபேதி அசுத்த நீரால் பரவுவது. நீரைக் காத்தால் நோயைக் காக்கலாம். இந்த இரு நோய்களையும் எதிர்கொள்வதில் சென்னை நகரச் சுகாதாரத் துறையினர் நீண்ட பட்டறிவு உடையவர்கள். தண்டையார்ப்பேட்டையில் உள்ள தொற்றுநோய் மருத்துவமனை இத்தகைய நோயாளருக்கெனவே அமைந்ததாகும்.

இன்ஃபுளுவென்சா இவ்விரு வழிகளுக்கும் அடங்குவதன்று. நச்சுயிரி புகுந்த ஒன்று முதல் மூன்று நாட்களில் காய்ச்சல் காண்கிறது. காய்ச்சல் காண்பதற்கு ஒரு நாள் முன்னரே அது பிறருக்குத் தொற்றத் தொடங்கலாம். சிலருக்குக் காய்ச்சலே இல்லாமலும் தொற்று இருக்கும். ராஜுலாவின் ஒரு வாரப் பயணத்தில் நோய் ஒருவரிடம் இருந்து மற்றவருக்கு எனப் பல சுற்றுகள் சுற்றியிருக்கும். கப்பல் கரை சேர்ந்த நாளில் படுக்கையில் கிடந்தவர்கள் கண்ணுக்குத் தெரிந்தனர். முந்தைய நாள் மாலை தொற்றுப் பெற்றவர் எவ்வகை அறிகுறியும் இன்றிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏணியில் இறங்கினார். அவர் அன்றிரவே எழும்பூரில் வண்டி ஏறி, மறுநாள் தஞ்சையிலோ இராமநாதபுரத்திலோ தம் வீட்டில் காய்ச்சலுடன் படுத்திருக்கக்கூடும். அவரைத் தடுத்து நிறுத்தும் சோதனை முறை எதுவும் அன்று எந்நாட்டுத் துறைமுகத்திலும் இல்லை.

கப்பலை நிறுத்தி வைத்திருந்தால் பரவல் தடுக்கப்பட்டிருக்குமா என்ற வினா எழுவது இயல்பே. சில நாட்கள் தாமதமாகியிருக்கலாம். ஆனால் சிங்கப்பூரில் இருந்தும் ஆங்காங்கில் இருந்தும் கப்பல்களும் வானூர்திகளும் கொழும்பு, கல்கத்தா, பம்பாய் நகரங்களுக்கு இடையறாது வந்துகொண்டிருந்தன. அவ்வாண்டு ஏறத்தாழ ஆறு மாதங்களுக்குள் நச்சுயிரி உலகின் எல்லாப் பகுதிகளையும் அடைந்தது. கப்பல்களைத் தடுக்க முயன்ற நாடுகளும் தப்பவில்லை.

நகரில் பரவல்

1951 கணக்கெடுப்பின்படி சென்னை நகரின் மக்கள்தொகை 14,16,056. 1961 இல் இது 17,29,141 ஆக உயர்ந்தது. துறைமுகத்தை ஒட்டிய சியார்ச் டவுன், ராயபுரம், தண்டையார்ப்பேட்டை ஆகியன நெருக்கமான குடியிருப்புகள்.

குளிர்காலத்தில் வரும் நோய் எனக் குளிர் நாடுகளில் கருதப்படும் இன்ஃபுளுவென்சா, சென்னையில் கத்தரி வெயில் காய்ந்துகொண்டிருந்த மே மாதத்தில் பரவியது கவனிக்கத்தக்கது. மக்களுக்கு எதிர்ப்பாற்றல் இல்லாத புதிய வகையாயின் நச்சுயிரி பருவத்துக்காகக் காத்திருப்பதில்லை. 1918 இல் பம்பாயிலும் முதல் அலை சூன் மாதத்தில்தான் எழுந்தது. ஒரு வகையில் காலம் சென்னைக்கு உதவியது எனலாம்: மே மாதத்தில் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை. இந்நோயைப் பரப்புவதில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பெரும் பங்குண்டு என்பது அவ்வாண்டு பல நாடுகளில் தெரியவந்தது. பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் கோடையில் மெதுவாகப் பரவிய நோய், இலையுதிர் காலத்தில் பள்ளிகள் திறந்ததும் பேரலையாக எழுந்தது. சென்னையிலோ பள்ளிகள் சூனில் திறக்குமுன்னரே நோய் நகரில் வேரூன்றிவிட்டது.

நகர நிருவாகத்தின் கையில் இருந்த சட்டக் கருவிகள் இரண்டு. ஒன்று, பிளேக் நோய்க்காலத்தில் பிறந்த 1897 ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டம். மற்றொன்று, 1939 ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம். இந்தியாவில் ஒரு மாகாணம் பொதுச் சுகாதாரத்துக்கென முழுமையாக இயற்றிய முதற் சட்டம் இதுவே. நோயாளரைப் பற்றிய அறிவிக்கை, தனிமைப்படுத்துதல், தூய்மிப்பு முதலியவற்றுக்கு இச்சட்டம் அதிகாரம் அளித்தது. ஆயினும் சில நாட்களில் ஆயிரக்கணக்கானோர் காய்ச்சலுறும்போது ஒவ்வொருவரையும் மருத்துவமனையில் தனிமைப்படுத்துதல் இயலாது, தேவையுமில்லை. பெரும்பாலோர் மூன்று முதல் ஐந்து நாட்களில் தாமே குணமடைந்தனர். நோயைக் கரையில் தடுப்பது என்னும் நோக்கம் கைவிடப்பட்டு, நோயுற்றோரைக் கவனிப்பதும் கணக்கிடுவதும் என்னும் நோக்கம் அதன் இடத்தைப் பிடித்தது.

மருத்துவம்

நச்சுயிரியை அழிக்கும் மருந்து எதுவும் அன்று இல்லை. ஓய்வு, நீராகாரம், காய்ச்சலையும் உடல்வலியையும் தணிக்க ஆசுபிரின் போன்ற மாத்திரைகள் ஆகியவையே பொதுவான மருத்துவம். (சிறுவருக்கு இந்நோயில் ஆசுபிரின் தருதல் ஆபத்தானது என்பது பல ஆண்டுகள் கழித்தே அறியப்பட்டது.) 1918 இல் இன்ஃபுளுவென்சாவால் இறந்தோரில் மிகப் பலர், அதனைத் தொடர்ந்து பாக்டீரியாக்களால் வந்த நுரையீரல் அழற்சியாலேயே இறந்தனர். 1957 இல் சல்ஃபா மருந்துகளும் பெனிசிலினும் மருத்துவமனைகளில் கிடைத்தன. இறப்புகள் குறைந்தமைக்கு நச்சுயிரியின் கடுமை குறைவு ஒரு காரணம் என்றால், இம்மருந்துகள் மற்றொரு காரணம். கருவுற்ற பெண்கள், முதியோர், இதய நோயாளர், குழந்தைகள் ஆகியோருக்கு நோய் கடுமையாக இருந்தது. ஆனால் எழுபது வயதைக் கடந்தோர் சிலரின் குருதியில் இப்புதிய நச்சுயிரிக்கான எதிர்ப்பொருள் காணப்பட்டது வெளிநாட்டு ஆய்வாளர்களை வியப்பில் ஆழ்த்தியது. 1889-90 இல் பரவிய இன்ஃபுளுவென்சா இதனை ஒத்ததாக இருந்திருக்கலாம் என்ற கருத்து இதனால் எழுந்தது.

தடுப்பூசியைப் பொறுத்தவரை, அமெரிக்காவில் விரைந்து தயாரிக்கப்பட்ட ஊசி அவ்வாண்டு இலையுதிர் காலத்தில்தான் பயன்பாட்டுக்கு வந்தது. சென்னையில் நோய் பரவிய வேகத்துக்கு அது எவ்வகையிலும் உதவியிருக்க முடியாது.

குன்னூர் நடுவம்

நீலகிரியில் உள்ள குன்னூர் பாசுச்சர் நிலையம் 1907 இல் வெறிநாய்க்கடி மருத்துவத்துக்காக நிறுவப்பட்டது. உலக சுகாதார அமைப்பின் இன்ஃபுளுவென்சா வலையமைப்பு 1940களின் இறுதியில் உருவானபோது, இந்தியாவுக்கான இன்ஃபுளுவென்சா நடுவம் இங்கு அமைந்தது. ஆகவே நாட்டில் இந்நோயைச் சோதிக்கவல்ல முதன்மையான ஆய்வகம், நோய் நுழைந்த அதே மாநிலத்திலேயே இருந்தது. இது தற்செயலான நற்பேறு என்றே கூறவேண்டும்.

நச்சுயிரியைப் பிரித்தெடுக்கும் முறை பொறுமை வேண்டுவது. நோய் கண்ட ஓரிரு நாட்களுக்குள் நோயாளியின் தொண்டையைக் கழுவிய நீரைத் திரட்டி, பனிக்கட்டியில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கு அது கருவுற்ற கோழி முட்டையினுள் செலுத்தப்பட்டு அடைகாக்கப்படும். நச்சுயிரி பெருகியிருந்தால் முட்டையில் இருந்து எடுத்த நீர்மம் கோழியின் சிவப்பணுக்களைத் திரளச் செய்யும். அத்திரட்சியை எந்த வகை எதிர்க்குருதி நீர் தடுக்கிறது எனப் பார்த்து வகை அறியப்படுகிறது. பழைய வகைகளுக்கான எதிர்க்குருதி நீர் எதுவும் 1957 இன் நச்சுயிரியைத் தடுக்கவில்லை. சிங்கப்பூர் நச்சுயிரிக்கு எதிரானதே தடுத்தது. இந்தியாவில் பரவியதும் அதே ஆசிய வகைதான் என்பது இவ்வாறு உறுதியாயிற்று.

நாட்டில் இப்பரவலின் போக்கை ஐ. ஜி. கே. மேனன் தொகுத்து எழுதிய விரிவான கட்டுரை 1959 இல் உலக சுகாதார அமைப்பின் ஏட்டில் வெளிவந்தது. ராஜுலாவைப் பற்றியும் நாட்டளவிலான எண்ணிக்கை பற்றியும் பிற்காலத்தார் எழுதுவன பெரும்பாலும் இக்கட்டுரையையே அடிப்படையாகக் கொண்டவை.

தொடர்வண்டித் தடமும் திருத்தணியும்

சென்னையில் இருந்து நோய் வெளியேறியது தொடர்வண்டி வழியாகவே. தெற்கே திருச்சிராப்பள்ளி, மதுரைத் தடம். வடக்கே விசயவாடா, கல்கத்தாத் தடம். மேற்கே அரக்கோணம் வழியாகச் செல்லும் தடங்கள். அரக்கோணத்தில் பம்பாய்த் தடம் வடமேற்காகப் பிரிந்து, முதலில் அடையும் குறிப்பிடத்தக்க ஊர் முருகனின் அறுபடை வீடுகளுள் ஒன்றான திருத்தணி. அதற்கப்பால் ரேணிகுண்டா; அங்கிருந்து திருப்பதி. சென்னையில் இருந்து சுமார் 85 கிலோமீட்டர் தொலைவில் உள்ள திருத்தணிக்குக் காலையில் வண்டியேறி மலையின் 365 படிகளையும் ஏறி வழிபட்டு மாலையில் நகர் திரும்பும் அடியார் அன்றும் மிகுதி.

1957 இல் திருத்தணி சென்னை மாநிலத்தில் இல்லை. 1911 முதல் சித்தூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிரிந்தபோது அம்மாவட்டத்துடன் அங்குச் சென்றது. ம. பொ. சிவஞானம் முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பின், படாசுக்கர் பரிந்துரையின்படி 1960 ஏப்ரல் 1 அன்றுதான் சென்னை மாநிலத்துடன் இணைந்தது. ஆகவே 1957 இல் நகரத்து நோயாளி சென்னை மாநிலக் கணக்கிலும், அவருடன் வண்டியில் வந்து திருத்தணியில் காய்ச்சலுற்றவர் ஆந்திரப் பிரதேசக் கணக்கிலும் இடம் பெறுவர். மாநிலவாரி எண்ணிக்கைகளைக் கொண்டு நோயின் தடத்தை வரைய முயல்வோர் இதனை மனத்திற்கொள்ள வேண்டும். அதே வேளையில், எல்லைக்கு இருபுறமும் நடைமுறையில் இருந்த சட்டம் ஒன்றே. 1939 ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் பழைய மாகாணத்தின் பகுதிகளாகிய ஆந்திர மாவட்டங்களிலும் தொடர்ந்து நடைமுறையில் இருந்தது.

இச்சட்டத்தில் சந்தைகளுக்கும் திருவிழாக்களுக்கும் எனத் தனி இயலே உண்டு. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்துப் பெருந்திரளாக மக்கள் கூடும் திருத்தணி போன்ற ஊர்களை எண்ணியே இத்தகைய விதிகள் எழுந்தன. குடிநீர்க் கிணறுகளுக்குக் குளோரின் இடுதல், கழிப்பிடம் அமைத்தல், வாந்திபேதித் தடுப்பூசி போடுதல் ஆகியன விழாக்காலச் சுகாதாரப் பணியாளரின் வழக்கமான கடமைகள். இவற்றால் திருவிழா வாந்திபேதி பெரிதும் கட்டுக்குள் வந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் துறைமுகத்தில் கண்ட அதே குறையை இங்கும் காணலாம்: இவை யாவும் நீரைக் காப்பவை. தோளோடு தோள் உரசிப் படியேறும் கூட்டத்தின் மூச்சைப் பற்றிச் சொல்வதற்கு அவற்றில் ஒன்றுமில்லை. 1957 ஆம் ஆண்டின் ஆடி மாதத்தின் பெரும்பகுதி, நாடு முழுவதும் நோய் பரவியதாகக் கணக்கிடப்பட்டுள்ள பன்னிரண்டு வாரங்களுக்குள்ளேயே அமைகிறது.

எண்ணிக்கை

1957 மே 19 முதல் 1958 பெப்ரவரி 8 வரை இந்தியாவில் 44,51,785 நோயாளரும் 1,098 இறப்புகளும் பதிவாயின. மே 19 ஒரு ஞாயிற்றுக்கிழமை. பெப்ரவரி 8 ஒரு சனிக்கிழமை. அதாவது சரியாக 38 வாரங்களின் கணக்கு. கப்பல் வந்த மூன்றாம் நாளிலேயே கணக்குத் தொடங்குவது குறிப்பிடத்தக்கது.

இவ்வெண்களின்படி நாலாயிரம் நோயாளருக்கு ஒருவர் இறந்தார். எனினும் இவ்விரு எண்களையும் அப்படியே கொள்ளுதல் பொருந்தாது. அன்றைய இந்திய மக்கள்தொகை ஏறத்தாழ நாற்பது கோடி. நாற்பத்து நான்கு இலட்சம் என்பது அதில் நூற்றுக்கு ஒன்றை ஒட்டியதே. இதே நச்சுயிரி பிற நாடுகளில் மக்களுள் நூற்றுக்கு இருபது பேருக்கும் மேலாகத் தொற்றியது. மருத்துவமனைக்கோ மருந்தகத்துக்கோ வந்து பதிவானவர் மட்டுமே கணக்கில் ஏறினர். வீட்டிலேயே கசாயம் குடித்துக் கிடந்து எழுந்தோர் ஏறவில்லை. சிற்றூர்களில் இறப்புக்கான காரணம் "காய்ச்சல்" என்றே கிராம அலுவலரால் எழுதப்பட்டதால் இறப்புகளின் தொகையும் உண்மையினும் மிகக் குறைவானதாகவே இருக்கும். உலகளவில் இப்பரவலால் இறந்தோர் பத்து இலட்சத்துக்கும் நாற்பது இலட்சத்துக்கும் இடைப்பட்டோர் என மதிப்பிடப்படுகிறது.

பிற்கால மாற்றங்கள்

1951 விதிகளுக்கு மாற்றாக வந்த 1969 ஆம் ஆண்டின் பன்னாட்டுச் சுகாதார விதிகளிலும் இன்ஃபுளுவென்சா ஒதுக்கக்காப்பு நோயாகச் சேர்க்கப்படவில்லை. 2005 இல் ஏற்கப்பட்டு 2007 சூன் 15 முதல் நடைமுறைக்கு வந்த புதிய விதிகளிலேயே, புதிய உள்வகை நச்சுயிரியால் மனிதருக்கு வரும் இன்ஃபுளுவென்சா, ஒரே ஒரு நோயாளி காணப்பட்டாலும் உலக சுகாதார அமைப்புக்கு உடனே அறிவிக்க வேண்டிய நான்கு நோய்களுள் ஒன்றாயிற்று. பெரியம்மை, இளம்பிள்ளை வாதம், சார்சு ஆகியன ஏனைய மூன்று.

இவ்விதிகளுக்கு முதல் பெருஞ்சோதனை 2009 இன் எச்1என்1 பரவல். இந்தியாவின் முதல் நோயாளி ஐதராபாத்தில் உறுதி செய்யப்பட்ட நாள் 2009 மே 16. ராஜுலா சென்னையை அடைந்த அதே நாள், ஐம்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து. இம்முறை வந்தது வானூர்தியில். சென்னை உள்ளிட்ட பன்னாட்டு வானூர்தி நிலையங்களில் பயணிகள் சோதிக்கப்பட்டனர். கிண்டியில் உள்ள கிங் நிலையம் தொண்டை மாதிரிகளைச் சோதித்தது. அறிகுறியற்ற பயணியைக் கண்டறிவது அப்போதும் இயலவில்லை. ஆகத்து மாதத்துக்குள் நோய் புனே, சென்னை உட்படப் பல நகரங்களில் பரவியது. ஆயினும் 1957 இல் இல்லாத நச்சுயிரி எதிர்ப்பு மருந்து (ஒசெல்டாமிவிர்) இம்முறை அரசின் கையிருப்பில் இருந்தது.

ராஜுலா 1973 இல் இந்தியக் கப்பல் கழகத்துக்கு விற்கப்பட்டு, ரங்கத் எனப் பெயர் மாற்றம் பெற்று, 1974 இல் உடைக்கப்பட்டது.

எச்2என்2 நச்சுயிரி 1968 வரை மனிதரிடையே உலவியது. அவ்வாண்டு ஆங்காங்கில் இருந்து பரவிய எச்3என்2 அதன் இடத்தைப் பிடித்ததும் மறைந்துபோயிற்று. 1968க்குப் பின் பிறந்தோருக்கு இதற்கு எதிர்ப்பாற்றல் இல்லை. 2005 ஆம் ஆண்டில், ஆய்வகங்களின் திறனைச் சோதிப்பதற்காகப் பதினெட்டு நாடுகளின் ஆயிரக்கணக்கான ஆய்வகங்களுக்கு அனுப்பப்பட்ட மாதிரிப் பெட்டிகளில் 1957 இன் இந்நச்சுயிரி இடம்பெற்றிருந்தமை கண்டறியப்பட்டது. அவற்றை உடனே அழிக்குமாறு உலக சுகாதார அமைப்பு கேட்டுக்கொண்டது.